விரதத்தன்று குடித்த பால்

அண்ணன் கிள்ளானில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அவருக்கு முப்பத்தொன்பது வயது. பிழைத்துக்கொண்டார். எங்கள் அப்பா பிழைக்கவில்லை. அவர் போனது நாற்பத்திரண்டு வயதில். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். இது எண்பதுகளின் கடைசி. எனக்கு அப்போது முப்பத்தாறு. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நாற்பத்திரண்டில் முப்பத்தாறைக் கழித்துக் கழித்துப் பார்த்தேன். விடை மாறவேயில்லை.

அண்ணனைப் பார்த்த டாக்டர், அவருடைய குதிகாலுக்கு மேலே தடித்துப் புடைத்திருந்த தசைநாரை அழுத்திப் பார்த்தார். பிறகு, இது ரத்தத்துக் கொழுப்பு படிந்த அடையாளம், கூடப் பிறந்தவர்களும் ரத்தம் பார்த்தே ஆக வேண்டும் என்றார். அந்தப் புடைப்பு அப்பாவுக்கும் இருந்தது. "அப்படியே அப்பா காலு" என்று அத்தை அண்ணனின் காலைத் தொட்டுக் கொஞ்சுவார். எங்கள் வீட்டுப் பெருமைகளில் அதுவும் ஒன்று. அன்று சேலையைக் கொஞ்சம் தூக்கி என் காலைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்திலேயே ஒரு கிளினிக் இருந்தது. அங்கே ரத்தம் எடுக்கும் மிஸ்ஸி, "அக்கா, வெள்ளிக்கிழமை காலையில வாங்க. விரதமா வரணும், சரியா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை விரதத்தை எனக்கா சொல்லித்தர வேண்டும்? கல்யாணமான நாளிலிருந்து இருக்கிறேன். குளித்து, விளக்கேற்றி, சாமிக்குப் படைத்த பாலை ஒரு டம்ளர் குடித்து, வாழைப்பழம் ஒன்றும் சாப்பிட்டு, நெற்றி நிறையத் திருநீறோடு போய்க் கையை நீட்டினேன்.

ரிசல்ட் வந்த அன்று கிளினிக் டாக்டர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நானோ ஒல்லிக்குச்சி.

"கொழுப்பு ரொம்ப அதிகமா இருக்கும்மா. அன்னிக்குக் காலையில ஒண்ணும் சாப்பிடலையே?"

"இல்ல டாக்டர், விரதம்தான். பாலும் பழமும் மட்டும்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "தண்ணியத் தவிர ஒண்ணும் கூடாதும்மா. மறுபடி எடுக்கணும்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. பால்தான் காரணம், வேறொன்றுமில்லை. வீட்டில் என் கணவர், "ஒனக்குக் கொழுப்பு அதிகம்னு நான் சொன்னா கோவிச்சுக்குவ. இப்ப டாக்டரே சொல்றாரு லா" என்று கிண்டலடித்தார். நானும் சிரித்தேன். ஆனாலும் பாசாரில் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கையில் லேசாக மூச்சு வாங்கினால் போதும், கை தானாக நெஞ்சுக்குப் போய்விடும்.

மறுமுறை தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனேன். எண் பெரிதாக இறங்கவில்லை.

"இது சாப்பாட்டால மட்டும் வந்ததில்லம்மா. அப்பாகிட்ட இருந்து ரத்தத்துலயே வந்திருக்கு" என்றார் டாக்டர். தேங்காய்ப்பால், நெய், ஆட்டுக்கறி எல்லாவற்றையும் குறைக்கச் சொன்னார். புதிதாக வந்திருக்கும் ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்து, ஆயுசுக்கும் விடக்கூடாது என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எழுந்து கதவுப் பக்கம் போனபோது, "பிள்ளைங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

ஒரே மகள், பத்து வயது. அவளுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார். அதுவரை நான் பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை.

அவளுக்கு ரத்தம் எடுக்க வேண்டிய காலையில் பால் காய்ச்சினேன். அவளுடைய டம்ளரில் ஊற்றி, சீனி போட்டு, ஆற்றி அவள் முன்னால் வைத்தேன். மறதியில் செய்யவில்லை. எண் அதிகமாக வந்தால் பாலால்தான் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்னும் ஒரு வாரம் வேண்டியிருந்தது.

பள்ளி உடுப்பில் நின்ற மகள் டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தண்ணி மட்டும்தான்னு மிஸ்ஸி சொன்னாங்க லா, ம்மா. மறந்துட்டீங்களா?"

"ஆமா, மறந்துட்டேன்" என்று சொல்லிப் பாலைத் தொட்டியில் ஊற்றினேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

ஒரு வாரம் கழித்துத் தாள் வந்தது. அவளுக்கும் இருந்தது. இந்த முறை பழி போடப் பால்கூட இல்லை.