மகனுக்குக் கொண்டுபோன அரிஷ்டம்

எனக்குக் கோவையாக எழுத வராது, மறதியும் உண்டு; பொறுத்துக்கொள்ளுங்கள். குடியை நிறுத்துவதற்காக என் மகன் புதுக்கோட்டையில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் தங்கியிருக்கிறான். போன மாதம் பார்க்கப் போனபோது எலும்பும் தோலுமாக இருந்தான். பசியெடுக்கட்டும் என்று, அரிமளத்தில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அரிஷ்டத்தை மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கி மூக்கருகே கொண்டுபோனான்.

“ஆத்தா, சாராய வாடை அடிக்குது. அங்கிட்டு எடுத்துட்டுப் போயிரு” என்றான். ஆனால் மூடியை அவன் கீழே வைக்கவில்லை.

நர்ஸம்மா ஓடிவந்து பிடுங்கினார். “இதுலயும் ஆல்கஹால் இருக்குங்கம்மா! அவரு சாப்புடுற மாத்திரையோட சேந்தா உசுருக்கே ஆபத்துங்க. இதெல்லாம் சொல்றதுக்குத்தான் பெத்தவங்க கூட்டம் போடுறோம், வாங்கன்னா வரவே மாட்டேங்குறீங்க!”

வெட்கப்பட்டுத்தான் போகாமல் இருந்தேன். இப்போது அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டுத்தான் மகனைப் பார்க்கிறேன்; நர்ஸம்மாவைக் கேட்காமல் எதையும் கொடுப்பதில்லை. மாத்திரையின் பெயர் நினைவில்லை. விவரம் தெரிந்தவர் யாராவது சரிபார்த்து, அந்தப் பெயரை இதில் சேர்த்துவிடுங்கள்.