தங்கப்பொண்ணு கட்டிய மாடி

தங்கப்பொண்ணு சத்தம் போடுகிற வரைக்கும் புருஷன் மலைச்சாமிக்குப் பயமில்லை. அவள் வாயை மூடிக்கொண்டாள் என்றால்தான் பயம். அந்தச் சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, ஒத்தக்கடையிலிருந்து மதுரைக்குப் போகிற டவுன் பஸ்ஸில், பொருட்காட்சி பார்க்கப் போகிற பொம்பளை மாதிரியா வந்தாள்? ஜன்னல் கம்பியைப் பிடுங்கிவிடுகிற மாதிரி பிடித்துக்கொண்டு, அவன் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்து வந்தாள்.

கோபத்துக்குக் காரணம் ஒரு மாடி.

அவள் மதுரையில் சித்தாள், அவன் கொத்தனார். அண்ணா நகர், கே.கே. நகர் என்று ஊர் பெருத்துக்கொண்டே போன வருஷங்களில், யார் யாரோ காற்றாடப் படுப்பதற்காகக் கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சாரம் ஏறி இறங்கியவள் அவள். அவளுடைய அப்பனும் ஆத்தாளும் ஆயுசு முழுக்க அடுத்தவன் வயலில் குனிந்தே செத்துப்போனார்கள். "நமக்கும் மேல ஒரு ரூமு வேணும்யா. ஒண்ணே ஒண்ணு போதும்" என்று சொல்லிச் சொல்லி, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்து, ஒத்தக்கடைப் பக்கம் தங்கள் ஊர்க் காலனியில் ஒரு காரை வீடு கட்டினாள். அதற்குப் படியும் வைத்தாள். மேலே நாலு பக்கமும் சுவர் இடுப்பளவுக்கு எழும்பியபோதுதான் ஊருக்கு உறுத்த ஆரம்பித்தது.

அந்த ஊரில் மாடி என்றால் உக்கிரபாண்டியின் வீடு ஒன்றுதான். பெரிய வீடு என்றுதான் அதற்குப் பெயர். காலனியில் எவனும் மாடி கட்டக்கூடாது என்று எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. எழுதி வைத்திருந்தாலாவது கிழித்துப் போட்டிருக்கலாம். உக்கிரபாண்டி ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, "மேல நின்னா எங்க வீட்டு முத்தம் தெரியும். பொம்பளைக புழங்குற எடம். இவுக மேல ஏறி நின்னு பாப்பாக, நாங்க கீழ நின்னு காட்டணுமாக்கும்?" என்று கேட்டார். படியையும் சுவரையும் திங்கட்கிழமை பொழுது சாய்வதற்குள் இடித்துவிட வேண்டும் என்று தீர்ப்பானது.

மலைச்சாமி என்ன செய்தான்? துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "சரிங்கய்யா, இடிச்சிடுறேன்" என்று தலையாட்டிவிட்டு வந்தான். தன் கையால் வைத்த கல்லைத் தானே இடிக்கிறேன் என்று ஒரு கொத்தனார் சொல்லலாமா? அதிலிருந்து தங்கப்பொண்ணு அவனோடு பேசவில்லை. வீட்டில் இருந்தால் அந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்து இன்னும் முறுக்கிக்கொள்வாள் என்றுதான் அவளைப் பொருட்காட்சிக்கு இழுத்துக்கொண்டு வந்தான்.

அந்த வருஷம் பொருட்காட்சித் திடலின் நடுவில் புதிதாக ஒரு பார்வைக் கோபுரம் வைத்திருந்தார்கள். இரும்புத் தூண்களை நட்டு, சுற்றிச் சுற்றிப் படி வைத்து, உச்சியில் பலகைத் தளம் போட்டு, மதுரை முழுக்கத் தெரியும் என்று மைக்கில் கூவிக்கொண்டிருந்தான் ஒருவன். மலைச்சாமி இரண்டு டிக்கெட் எடுத்தான். முன்னால் போன டவுன்காரர்கள் பாதிப் படியிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தங்கப்பொண்ணு அவர்களை ஒதுக்கிவிட்டு விறுவிறுவென்று ஏறினாள். தலையில் சட்டி இல்லாமல் இவ்வளவு உயரம் அவள் ஏறியது அதுதான் முதல் தடவை.

மேலே போய் நின்றதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். கோயில் கோபுரங்கள் ஒரு பக்கம், தண்ணீர் இல்லாத வைகை ஒரு பக்கம். அப்புறம் பார்வை கீழே இறங்கியது. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் மொட்டை மாடிகள். ஒரு மாடியில் ஒருத்தி ஈரத்தலையை விரித்துப் போட்டுக் காய வைத்துக்கொண்டிருந்தாள். இன்னொன்றில் கொடி நிறையப் பாவாடையும் ரவிக்கையும் தொங்கின. ஒரு வீட்டு முற்றத்தில் ஒரு கிழவர் கோவணத்தோடு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அத்தனை பேரையும் ஊரே காசு கொடுத்து ஏறி வந்து பார்த்துக்கொண்டிருந்தது. யாருடைய மானமும் போகவில்லை. யாரும் வந்து இந்தக் கோபுரத்தை இடி என்று சொல்லவில்லை.

"அடப்பாவிகளா!" என்றாள். இரண்டு நாளைக்கப்புறம் அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

அப்போது தளத்தின் மறுபக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. கேட்ட மாத்திரத்தில் மலைச்சாமியின் கை தோளில் கிடந்த துண்டுக்குப் போனது.

உக்கிரபாண்டிதான். மகளைக் கொடுக்கப்போகிற வீட்டாரை, மதுரையில் பேர்போன வக்கீலையும் அவர் சம்சாரத்தையும், பொருட்காட்சிக்குக் கூட்டி வந்திருந்தார். தூரத்தைப் பக்கத்தில் காட்டுகிற கண்ணாடி ஒன்றை அங்கே வாடகைக்குக் கொடுத்தார்கள். அதை வக்கீல் கண்ணில் வைத்திருந்தார். உக்கிரபாண்டி அவர் தோளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

"அந்தா யானைமலை தெரியுதா? அதுக்கு இங்கிட்டு, தென்னந்தோப்ப ஒட்டி வெள்ளையா இருக்குல்ல, அதுதான் சம்பந்தி நம்ம வீடு. நல்லாப் பாருங்க. முத்தம் வரைக்கும் தெரியும்!"

தங்கப்பொண்ணுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மலைச்சாமி அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து, "ஏ புள்ள, வேணாம், வா போயிரலாம்" என்று கெஞ்சினான். அவள் தலைப்பை வெடுக்கென்று உருவிக்கொண்டு போனாள்.

"அண்ணே, அடுத்து எனக்கு" என்று கண்ணாடிக்காரனிடம் சில்லறையை நீட்டினாள். அவன் வக்கீலிடமிருந்து வாங்கி அவளிடம் கொடுத்தான். அவனுக்கென்ன, காசு கொடுத்தால் யார் பார்த்தாலும் பார்வைதானே.

உக்கிரபாண்டி திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

அவள் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "ஆமாய்யா, தெரியுது. பெரிய வீடு நல்லாத் தெரியுது. எம்புட்டு ஒசரத்துல நின்னு பாக்குறேன், பாத்தீகளா? இப்பக் கண்ணு அவிஞ்சிருமா எனக்கு? இல்ல, உங்க வீடுதான் கரைஞ்சு போயிருமா?"

"ஏ, என்ன பேச்சு இது? இறங்கு கீழ" என்றார் உக்கிரபாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு.

"எதுக்கு எறங்கணும்? நானும் டிக்கெட்டு எடுத்துத்தான் ஏறியிருக்கேன்."

வக்கீலின் சம்சாரம், "யாரு அண்ணே இந்தம்மா?" என்று கேட்டாள்.

"நம்ம ஊருதான் தங்கச்சி. வேலைக்கு வர்ற பொம்பள" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"அம்மா, நான் சொல்லுறேன்" என்று தங்கப்பொண்ணு அந்த அம்மாள் பக்கம் திரும்பினாள். "நான் செமந்து, எம் புருஷன் வச்ச சுவரு. எங்க காசு, எங்க எடம். மேல நின்னா இவுக முத்தம் தெரியுமாம். அதனால நாளைக்குள்ள இடிக்கணுமாம். இவுகளே உங்களக் கூட்டியாந்து, முத்தத்தப் பாரு பாருன்னு காட்டுறாகளே, இது எந்த ஊரு நாயம்? நாங்க பாத்தாத்தான் தீட்டா?"

சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "என்ன சம்பந்தி இது? அவங்க பட்டா இடத்துல அவங்க கட்டினா இடிக்கச் சொல்ல முடியாதே" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. யாரு இடிக்கச் சொன்னா? சும்மா ஒரு பேச்சு. ஊர்ல போய்ப் பேசிக்கலாம்" என்று உக்கிரபாண்டி மழுப்பினார். சம்பந்திக்கு முன்னால் இவ்வளவு நல்லவராக இருக்கிற மனுஷன் ஊரில் போய் எப்படி இருப்பார் என்று அவளுக்குத் தெரியாதா? கண்ணாடியைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினாள். வழி முழுக்க மலைச்சாமியைத் திட்டிக்கொண்டே வந்தாள். அவனுக்கு அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலையில் பெரிய வீட்டுக் காரியக்காரன் விருமாண்டி இரண்டு ஆள்களோடு வந்தான். ஒருவன் கையில் கடப்பாறை இருந்தது. ஆனால் விருமாண்டி குழைந்து பேசினான்.

"ஏப்பா மலைச்சாமி, ஐயா மனசு எறங்கிட்டாரு. மாடி இருந்துட்டுப் போகட்டும்னுட்டாரு. ஒண்ணே ஒண்ணு. பெரிய வீட்டுப் பக்கம், மேற்கால, சன்னல் வைக்கக்கூடாது. சுவர மொட்டையா ஒசரத் தூக்கி மூடிரணும். மாட்டேன்னா இவுக ரெண்டு பேரும் இடிச்சிட்டுத்தான் போவாக."

"அது போதும்ணே, அப்படியே செஞ்சிடுறோம்" என்று மலைச்சாமி கையெடுத்துக் கும்பிட்டான்.

தங்கப்பொண்ணு வாசலில் கலவை குழைத்துக்கொண்டிருந்தாள். மண்வெட்டியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"நாங்க காத்து வாங்குறதுக்கும் உங்க ஐயா தெச சொல்லுவாரோ? மேக்காத்து அவரு வீட்டுக் காத்தா? எம் வீட்டுக்குள்ள வந்து எனக்கே கண்ணக் கட்டிவிடப் பாக்குறீகளா? அந்தக் கடப்பாறையக் குடு இங்க!"

கடப்பாறைக்காரன் பயந்துபோய்க் கொடுத்துவிட்டான். அவள் அதைத் தூக்கிக்கொண்டு தடதடவென்று படியேறினாள். மேற்குச் சுவரில் ஓங்கி ஒரு போடு போட்டாள். பச்சைச் சுவர், கலவை இன்னும் இறுகவில்லை, பொலபொலவென்று உதிர்ந்தது. இன்னொரு போடு, இன்னொரு போடு. கீழே நின்றவர்களுக்கு அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றே பட்டது. மேற்குப் பக்கம் முழுவதும் தளத்தோடு தளமாகச் சரிந்து வாய் பிளந்து நின்றது. இனி அங்கே உட்கார்ந்தாலே பெரிய வீடு, முற்றம், கொடி, தொழுவம் எல்லாம் பளிச்சென்று தெரியும்.

"போய்ச் சொல்லுய்யா! சன்னலு வைக்கல. சன்னலு வைக்கச் சுவரே இல்ல!" என்று மேலே நின்று கத்தினாள். மூச்சு வாங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆத்திரத்தில்தான்.

காலனியே வெளியே வந்து நின்றது. மலைச்சாமி அவளை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தான், விருமாண்டியை ஒரு தடவை பார்த்தான். பிறகு கலவைச் சட்டியைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு படியேறினான். சரிந்து கிடந்த செங்கல்லில் உடையாத ஒன்றைப் பொறுக்கி, தட்டிச் சுத்தம் செய்து, வடக்குச் சுவரின் மேல் அடுத்த வரிசைக்கு வைத்தான். அப்புறம் கீழே எட்டிப் பார்த்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னான்:

"விருமாண்டிண்ணே, ஐயாகிட்டச் சொல்லிருங்க. அன்னைக்குக் கூட்டத்துல இடிக்கிறேன்னு சொன்னேன்ல? இடிச்சாச்சு."