சாம்பிளும் சரக்கும்

எங்கள் தொழிலில் ஏலக்காய்க்கு முன்னால் ஏலத்துக்குப் போவது அதன் சாம்பிள்தான். மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளி, வெடித்த காயை எடுத்துவிட்டு, வெளுத்த காயை எடுத்துவிட்டு, பச்சை மாறாத உருண்டைக் காய்கள் மட்டும் கண்ணில் படும்படி பரப்பி வைப்போம். வாங்க வருகிறவனுக்கும் இது தெரியும். அவன் விற்கப் போகும்போது இதையேதான் செய்வான். எங்கள் ஊர் போடியில் இதை யாரும் ஏமாற்று வேலை என்று சொல்வதில்லை, சாம்பிளைத் தேற்றுவது என்பார்கள். ஒருநாள் என்னையே அப்படித் தேற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

எனக்கு வந்தது நிணநீர்ப் புற்றுநோய். கீமோ கொடுத்தார்கள், போனது. சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து ஹார்லிக்ஸ் கொடுத்து முடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டது. மறுபடியும் கீமோ, மறுபடியும் அதே கதை. கடைசியில் சென்னையில் ஒரு டாக்டரம்மா இன்னொரு வழி சொன்னார். என் ரத்தத்திலிருந்தே கிருமியோடு சண்டை போடும் அணுக்களைப் பிரித்தெடுத்து, இந்தப் புற்றை அடையாளம் காணும்படி லேபில் மாற்றி, பெருக்கி, திரும்ப என் உடம்பிலேயே ஏற்றுவார்களாம். கார்-டி செல் சிகிச்சை என்று பெயர்.

"அப்ப நம்ம ஊர்க்காரனையே பிடிச்சுட்டுப் போயி, போலீஸ் ட்ரெயினிங் குடுத்துத் திருப்பி அனுப்புறாக. அப்படித்தான மேடம்?" என்று கேட்டான் என் மச்சினன். என் மனைவியின் தம்பி, கடையில் எனக்குக் கூட்டாளி. டாக்டரம்மா கொஞ்சம் யோசித்து, ஏறக்குறைய அப்படித்தான் என்றார். அன்றிலிருந்து அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை. குரங்கணி மலையிலிருந்து காய் கொண்டுவருகிறவர்களுக்கெல்லாம் வைத்தியம் விளக்க ஆரம்பித்துவிட்டான்.

அணுக்களை எடுத்துக்கொண்டு எங்களை ஊருக்கு அனுப்பும்போது டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். திரும்ப ஏற்றிய பிறகு உடம்புக்குள் பெரிய சண்டை நடக்கும். சிலருக்கு அது காய்ச்சலோடு போய்விடும். சிலருக்கு ரத்த அழுத்தம் விழும், புத்தி தடுமாறும், உயிருக்கே ஆபத்தாகலாம். யாருக்கு அப்படி ஆகக்கூடும் என்பதை முன்கூட்டியே பார்த்துவிடுவார்கள். உடம்பில் புற்று எவ்வளவு மிச்சம், தட்டணுக்கள் போதுமா, ரத்தத்தில் அழற்சி இருக்கிறதா, எங்காவது கிருமி ஒளிந்திருக்கிறதா என்றெல்லாம் சோதித்து, ரிஸ்க் அதிகமா கம்மியா என்று பிரிப்பார்கள்.

பிரிப்பார்கள் என்ற சொல் என் மனைவியின் காதில் விழுந்ததோடு சரி, மற்றதெல்லாம் விழவில்லை. பஸ்சில் ஆண்டிப்பட்டி தாண்டும்போது தம்பியைக் கேட்டாள்.

"ரிஸ்க் அதிகம்னா வேணாம்னு கழிச்சு விட்ருவாகளோடா?"

"பின்னே? வெடிச்ச காயை நம்ம வாங்குறமாக்கா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அணுக்கள் தயாரானதும் திரும்பக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். இரண்டு நாளாகச் சாயங்காலம் ஆனால் எனக்கு மேல் கதகதவென்று இருந்தது. காலையில் அக்காளும் தம்பியும் வேலையில் இறங்கினார்கள். அவன் எனக்குச் சவரம் செய்துவிட்டு, கீமோவுக்குப் பின்னால் முளைத்திருந்த நாலு முடிக்கு மை பூசினான். அவள் வெள்ளைச் சட்டை மாட்டி, முகத்துக்குப் பவுடர் போட்டு, ஒரு காய்ச்சல் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.

"காய்ச்சல் அடிச்சதப் பத்தி மூச்சு விடாதீங்க."

"ஏண்டி, நான் என்ன பொண்ணு பார்க்கவா போறேன்?"

"மச்சான், சும்மா இருங்க. மூஞ்சியக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வைங்க," என்றான் அவன். அது என்னால் ஆகாத காரியம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் பேசினாலே எரிந்து விழுகிறேன் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. அது பொய்யில்லை.

டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீர்களே என்றார். தெர்மாமீட்டர் வைத்தார்கள், காய்ச்சல் இல்லை. இந்த வாரம் காய்ச்சல் வந்ததா என்று கேட்டதற்கு என் மனைவி, "இல்லவே இல்ல மேடம், கல்லு மாதிரி இருக்காரு," என்றாள். மச்சினன் பின்னாலிருந்து தலையாட்டினான். ரத்தம் எடுத்துக்கொண்டு மத்தியானம் வரச் சொன்னார்கள்.

மத்தியானம் டாக்டரம்மாவின் முகம் மாறியிருந்தது.

"வெளியில பார்த்தா நல்லா இருக்கீங்க. ரத்தத்துல அழற்சி ஏகத்துக்கு இருக்கு, தட்டணு இறங்கியிருக்கு. நீங்க அதிக ரிஸ்க் உள்ளவங்கள்ல வர்றீங்க."

என் மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப அவருக்கு வைத்தியம் கெடையாதா மேடம்?"

"யார் சொன்னா? ரிஸ்க் கம்மியா இருக்கிறவங்களுக்கு ஏத்திட்டு, எதிர் லாட்ஜுல தங்கிக்கிட்டு வந்து போங்கன்னு சொல்லிருவோம். அதிகமா இருக்கிறவங்களை எங்க கண்ணு முன்னாலயே படுக்க வைப்போம். மருந்தை முன்கூட்டியே எடுத்து வைப்போம். அதுக்குத்தான் பிரிக்கிறது."

நாங்கள் மூன்று பேரும் முழித்தோம். வெடித்த காயைத் தனியாகப் பொறுக்கி, அதை மடியில் கட்டிக்கொள்ளுகிற வியாபாரத்தை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

என் மனைவி அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சாயங்காலக் காய்ச்சல், காலையில் கொடுத்த மாத்திரை, பவுடர், எதையும் விடவில்லை. "முடிக்குக்கூட மை போட்டுட்டோம் மேடம்," என்றாள்.

"முடியில ரிஸ்க் இல்லம்மா," என்றார் டாக்டரம்மா. முகத்தில் சிரிப்பில்லை. "காய்ச்சலை மறைச்சதுதான் தப்பு. உடம்புல கிருமி இருக்கையில அணுக்களை ஏத்தியிருந்தா இவரை நான் இழந்திருப்பேன்."

நெஞ்சில் சளி கட்டியிருந்தது. அதற்கு மருந்து கொடுத்து, புற்றையும் கொஞ்சம் அடக்கி, அதற்குப் பிறகுதான் ஏற்றினார்கள். இத்தனை அமர்க்களத்துக்கும் அது ஒரு சின்னப் பை. ஒரு டீ குடித்து முடிக்கிற நேரத்தில் இறங்கிவிட்டது. நர்சுகள் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே எனக்குக் கட்டில் போட்டார்கள். காய்ச்சல் கொதித்தது, அழுத்தம் விழுந்தது. எடுத்து வைத்திருந்த மருந்தை உடனே போட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நர்சம்மா வேளாவேளைக்கு வந்து, புத்தி தடுமாறுகிறதா என்று பார்க்க எனக்குப் பரீட்சை வைப்பாராம். இது எந்த ஊர், இது என்ன என்று பேனாவைக் காட்டுவது, நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணச் சொல்வது, ஒரு வரி எழுதச் சொல்வது. எல்லாவற்றையும் சரியாகச் செய்தேனாம். நர்சம்மா திரும்பும்போது இவள் போய் மறித்திருக்கிறாள்.

"சிஸ்டர், இவருக்கு என்னமோ ஆயிருச்சு."

"எல்லாம் சரியாத்தானே சொல்றாரும்மா?"

"காலையில இருந்து என்னைய ஒரு தடவகூட வையல சிஸ்டர். உப்பில்லாத கஞ்சிய நல்லா இருக்குன்னு குடிச்சாரு. என்னையப் பார்த்து, வாங்க உக்காருங்கங்கறாரு. இது எங்க வீட்டுக்காரரு இல்ல. டாக்டரக் கூப்பிடுங்க, வெரசாக் கூப்பிடுங்க."

நர்சம்மா சிரிக்கவில்லை, கூப்பிட்டார். டாக்டரம்மா வந்து மறுபடி எழுதச் சொன்னபோது பேனா தாளில் கோணல்மாணலாக இழுத்துக்கொண்டு போனதாம். மூளையில் வரும் வீக்கத்துக்கு மருந்து உடனே போனது. சில நாளில் தெளிந்தேன். கண்ணைத் திறந்ததும் ஏண்டி ஃபேனை இப்படி ஓடவிட்டிருக்கிறாய் என்று வள்ளென்று விழுந்தேனாம். அவள் நர்சம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள்.

ஊருக்கு வந்த பிறகு ஒரு தொல்லை தொடங்கியது. ஒரு காலையில் நான் பேசாமல் இருந்துவிட்டால் போதும், நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள், தெர்மாமீட்டரை எடுத்து வந்துவிடுவாள். பாவம், பயந்துபோகிறாளே என்று, கோபம் வராத நாளிலும் எதையாவது சாக்கு வைத்து ஒரு தடவை வைதுவிடுவேன். சத்தம் கேட்டால் நிம்மதியாக அடுப்படிக்குப் போவாள்.

புற்று போய்விட்டதா என்று பார்க்கிற ஸ்கேனுக்குச் சென்னை கிளம்ப வேண்டிய அன்று காலையிலும் அப்படித்தான் செய்தேன்.

"காப்பியா இது? கழுநீரக் கொண்டாந்து குடுக்குற?"

அவள் போகவில்லை. காலியான டம்ளரையும் என்னையும் பார்த்தாள்.

"சாம்பிளக் காட்டாதீங்க," என்றாள். "சரக்கக் காட்டுங்க."

"பயமா இருக்குடி," என்றேன்.

"எனக்குந்தான்," என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து போய்த் தெர்மாமீட்டரை எடுத்துப் பைக்குள் வைத்தாள். காய்ச்சல் மாத்திரை அட்டையை அலமாரியிலேயே விட்டுவிட்டாள்.