வெயிலில் காயும் நெல்

அறுவடை முடிந்துவிட்டால் திருத்துறைப்பூண்டி போகிற தார்ச்சாலையில் பாதியை எங்கள் நெல் அடைத்துக்கொள்ளும். காய்வதற்கு, மணிக்கொரு தரம் வெறுங்காலை இழுத்து இழுத்து நடந்து அதைக் கிளறிவிட வேண்டும். சுடச்சுட நெல் விரலிடுக்கில் புகுந்து பாதத்தை உரசும் சுகம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

சிங்கப்பூர் வேலையை விட்டுத் திரும்பிய என் கணவருக்கு அது பொறுக்கவில்லை. "இந்த வெயில்ல நீ எதுக்குக் கஷ்டப்படுற?" என்று, கிளறுவதற்கு நீளக் கைப்பிடி வைத்த பலகை ஒன்றைச் செய்துகொண்டு வந்தார். எனக்குப் புளியமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி, குடை, மோர். "கஷ்டமில்லங்க, எனக்கு அது பிடிக்கும்" என்று தொண்டை வற்றச் சொன்னேன். காதில் ஏறினால்தானே! பெண்டாட்டியை எப்படித் தாங்குகிறார் பார் என்று தெருவே மெச்சியது வேறு வயிற்றெரிச்சல்.

நேற்று மதியம் அவரைச் சாப்பிடக் கூப்பிடப் போனேன். பலகை புளியமரத்தில் சாய்ந்திருந்தது. மனிதர் செருப்பைக் கழற்றிப் போட்டு, கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

என்னைப் பார்த்ததும் அதை அவசரமாக விழுங்கினார். "வெயில் கொளுத்துது, நீ எதுக்கு வந்த? இது ரொம்பக் கஷ்டம். நானே பாத்துக்கிறேன், நீ போய் நிழல்ல ஒக்காரு."