முனீர் பாயும் பதினான்கு விதிகளும்

முனீர் பாய் ஒரு சேலையை விரித்துக் காட்டினால், அதைப் பழைய மடிப்பிலேயே மடித்து அலமாரியில் ஏற்றிய பிறகுதான் அடுத்ததில் கை வைப்பார். "அதுவும் கெடக்கட்டும் பாய், ரெண்டையும் சேத்து வச்சுப் பாக்குறேன்" என்று கெஞ்சினாலும் நடக்காது. "ஒரு நேரத்துல ஒண்ணுதாம்மா. சட்டம்" என்று சுவரைக் காட்டுவார்.

அங்கே கண்ணாடிச் சட்டமிட்ட பலகையில் பதினான்கு விதிகள் தொங்குகின்றன. ஜொகூர் பாருவில் இந்த ஜவுளிக் கடையை நடத்தும் நைனா முகம்மது, சிங்கப்பூரில் ஏதோ வெள்ளைக்காரர் கடையில் பார்த்துவிட்டு வந்து எழுதி மாட்டியவை. மாட்டியதோடு சரி, அவரே மறந்துவிட்டார். தீபாவளிக்கு முந்திய மாதம் ஒருநாள் திடீரென்று அவருக்கு ஏழாம் விதி நினைவுக்கு வந்தது: பணியாளர் உட்காரக் கூடாது.

அன்று உட்கார்ந்தவர் அய்யாவு. பதினெட்டு வருஷம் முனீருக்குப் பக்கத்தில் நின்று துணி கிழித்தவர். மலேரியாக் காய்ச்சலில் கால் நடுங்க, ஒரு துணிமூட்டை மேல் சாய்ந்துவிட்டார். முதலாளி எல்லோர் முன்னிலும் ஏழாம் விதியை வாசிக்கச் சொல்லி, வாசித்து முடித்ததும் இனி வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அய்யாவு ஸ்கூடாய்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் காலையில் முனீர் பாய் பலகை முன் நின்று பதினான்கையும் நிதானமாகப் படித்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை அளக்குமுன்னும் கஜக்கோலைத் துடைக்கிறார். அது மூன்றாம் விதி. யாராவது விலை குறைக்கக் கேட்டால் துணியை வைத்துவிட்டு, கடைக்கோடியில் இருக்கும் முதலாளியிடம் நடந்து போய் அனுமதி கேட்டு நடந்து வருகிறார். அது ஒன்பதாம் விதி. மற்ற இரண்டு விற்பனையாளர்களும் இரண்டு நாள் பார்த்தார்கள். மூன்றாம் நாள் அவர்களும் நடக்க ஆரம்பித்தார்கள்.

அவரை முன்பே அறிந்தவர்களுக்கு இது தாங்காது. ஒரே வீச்சில் ஐந்து சேலையை மேசையில் மயில்தோகையாய் விரித்தவர் அவர். எந்த வீட்டில் பிள்ளைப்பேறு, யார் மகனுக்கு ரயில்வேயில் வேலை என்று எல்லாம் தெரியும். இப்போது, "வீட்ல சௌக்கியமா பாய்?" என்று கேட்டால், "எத்தனை கஜம்மா?" என்கிறார். வியாபாரம் அல்லாத பேச்சு கூடாது. அது ஐந்தாம் விதி. அப்படிக் கேட்கும்போது மட்டும் குனிந்துகொள்கிறார்.

கூட்டம் எதிரேயுள்ள சீனர் கடைக்குப் போனது. ஆனால் அடி முதலாளிக்கு மட்டுமல்ல, வாங்க வந்தவர்களுக்கும் விழுந்தது. மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்த காளியம்மா, ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்குள் தோட்டத்துக்குத் திரும்பும் லோரி போய்விட்டது. வெயிலில் மூட்டையோடு ஆறு மைல் நடந்தாள். "அந்தம்மாவுக்கு நான் செஞ்சது பாவம்தான் சார். வேற எதக் கொண்டு இவர அடிக்கிறது? எனக்கு இருக்கறது இவரு சட்டம் மட்டும்தான்" என்றார் முனீர் பாய், பழைய வாடிக்கையாளனான என்னிடம், கடைக்கு வெளியே.

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது நான் வேட்டி எடுக்கப் போயிருந்தேன். முதலாளி எழுந்து முனீரிடம் வந்தார். குரல் தழைந்திருந்தது.

"போதும் முனீர். நான் தோத்துட்டேன்னே வச்சுக்கங்க. அந்தப் பலகையக் கழட்டிடுறேன். அய்யாவுக்கு ஆள் அனுப்பி வரச் சொல்லுங்க."

முனீர் பாய் கஜக்கோலைத் துடைத்து முடித்தார்.

"அய்யாவு அண்ணன் மவுத்தாகி எட்டு நாளாச்சு, மொதலாளி. வெள்ளிக்கிழம தொழுதுட்டு நாந்தான் போயி மண்ணு போட்டுட்டு வந்தேன்."

முதலாளி, தமக்காக வந்திருந்த தேநீர்க் கோப்பையைத் தாமே எடுத்து வந்து நீட்டினார்.

முனீர் பாய் இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கினார். கடை வாசலுக்கு நடந்து போய், கோப்பையைச் சாய்த்து முழுவதையும் சாக்கடையில் ஊற்றினார்.