முடித்தவர்கள் விளையாடப் போகலாம்

கொழும்பில் பள்ளி அதிபர்களுக்கான கருத்தரங்கு ஒன்றுக்குப் போய் வந்த வாரம் என்னைப் பிடிக்கவே முடியவில்லை. ஹந்தானைத் தேயிலை மலையிலிருக்கும் எங்கள் சின்னப் பள்ளிக்கூடத்தைத் தலைகீழாக மாற்றிவிடுகிற வேகம். கண்டி டவுனில் கடை வைத்திருந்தவரின் மகள் நான். யார் முந்துவது என்பதைப் பார்த்தே வளர்ந்தவள். ஐந்தாம் தரத்து வாசிப்புப் பாடத்துக்கு ஒரு சட்டம் போட்டேன். பக்கத்தை முடித்தவர்கள் எழும்பி விளையாடப் போகலாம். முதலில் முடிப்பவருக்குச் சுவரில் ஒரு காகித நட்சத்திரம்.

வகுப்பு பறந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு பெண்பிள்ளை வருவதை நிறுத்திவிட்டாள். கணக்கில் கெட்டிக்காரி, வாசிப்பில் மட்டும் எழுத்தெழுத்தாய் நகர்வாள். எங்கள் பக்கத்தில் இப்படி நின்ற பிள்ளை திரும்பி வருவது அபூர்வம். வீட்டில் தம்பியைப் பார்ப்பாள், சோறாக்குவாள், படிப்பு அதோடு சரி. தாயை நாலு வார்த்தை கேட்டுவிடுவதென்று கொழுந்து பறிக்கும் இடத்துக்கே ஏறிப் போனேன்.

"வாங்க டீச்சர்" என்றாரே தவிர, தாயின் கை நிற்கவில்லை. "முடிச்ச புள்ளைங்கல்லாம் எந்திரிச்சுப் போயிருதுகளாம். வெறும் வகுப்புல தனியா உக்காந்திருக்க வெக்கமா இருக்குன்னு அழுவுறா. நான் என்னங்க செய்ய?"

ஏறி வந்த களைப்பு என்று பாவனை செய்துகொண்டு அங்கேயே நின்றேன். அடுத்த நிரைச் செடிகளில் பறித்துக்கொண்டிருந்த பெண் தன் நிரையை முடித்து மேலே போய்ச் சேர்ந்தார். உட்காரவில்லை. அப்படியே திரும்பி, இந்தத் தாயின் நிரைக்குள் மேலிருந்து இறங்கிப் பறித்துக்கொண்டு வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

"அவங்க நிரைதான் முடிஞ்சிருச்சே, போகலாம்தானே?" என்று கேட்டேன்.

தாய் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "மலை முடியலீங்களே டீச்சர்."

இறங்கும்போது எனக்கு என் மேலேயே கோபம். பதினோரு வருடம் இந்த மலையைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிள்ளைகளை எப்படி நடத்துவதென்று படிக்கக் கொழும்புக்குப் போயிருக்கிறேன்.

அன்றே நட்சத்திரங்களைக் கழற்றி அலுமாரிக்குள் போட்டேன். புதுச் சட்டம் இதுதான்: முடித்தவர், முடிக்காதவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பாடத்தின் கடைசிப் பந்தியிலிருந்து ஒவ்வொன்றாக மேலே வாசித்து வரவேண்டும். நடுவில் சந்தித்தால் பக்கம் முடிந்தது. எல்லாரும் சேர்ந்துதான் விளையாடப் போகலாம். தாய்க்கும் சொல்லியனுப்பினேன். திங்கட்கிழமை அந்தப் பிள்ளை வந்தாள். கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதிபர் என்பதால், "ம், உக்காரு" என்றேன்.

பள்ளித் தவணை முடிகிற நேரம். புதிய வரவுப் பதிவேடுகளை அடுக்கி வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். இடைவேளை மணி அடித்தும் வெளியே சத்தமே இல்லை. நிமிர்ந்தால், ஐந்தாம் தரம் முழுவதும் பந்தோடு முற்றத்தில் நிற்கிறது. வாசலில் அந்தப் பிள்ளை, கையில் கோடு போடும் அடிமட்டம்.

"விளையாடப் போகலையா?"

"நீங்க இன்னும் முடிக்கலையே டீச்சர்."

உள்ளே வந்து அடுக்கின் அடியிலிருந்த பதிவேட்டை உருவினாள். "நான் கீழ இருந்து வர்றேன்."

பதிவேடுகளில் பிள்ளைகள் கைவைக்கக் கூடாதென்பது நானே போட்ட சட்டம். கதிரையை நகர்த்தி அவளுக்கு இடம் கொடுத்தேன்.