விடைக்குக் காத்திராத ஸ்கிரிப்ட்

வாசகரே, உங்களைச் சாட்சிக்கு அழைக்கிறேன். பட்டிமன்றங்களில் நான் வென்ற கதைகளை இதே பத்தியில் வாரந்தோறும் படித்தவர் நீங்கள்தானே? சென்ற திங்களன்று வென்ற கதையையும் கேட்டுவிடுங்கள்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், மோட்டார் உறுப்புகள் செய்யும் தொழிற்சாலையில் எனக்குக் கம்ப்யூட்டர் அறை வேலை. தண்டுகளின் விட்ட அளவுகள் பதிவான ஃப்ளாப்பியைப் படித்து, சராசரியை ஒரு கோப்பில் எழுதுவது, என் அறையிலேயே வேலை பார்த்த ஸ்டெல்லா 'சி' மொழியில் எழுதிக் கம்பைல் செய்த புரோகிராம். காலைதோறும் அந்தப் புரோகிராமை ஓட்டி, அந்தக் கோப்பை அச்சிடுவது நான் எழுதிய சில வரிக் கட்டளைகள், அதாவது என் ஷெல் ஸ்கிரிப்ட்.

பருமன் தவறிய தண்டுகள் ஒரு லாரி நிறையத் திரும்பி வந்தன. எங்கள் அறிக்கையிலோ சராசரி சரியாகவே இருந்தது! திங்கள்தோறும் நடக்கும் கூட்டத்தில் மேலாளர் காரணம் கேட்டார். நான் எழுந்தேன். "தவறு, வெறுமனே அச்சிட்ட ஸ்கிரிப்டிலா, கணக்கிட்ட புரோகிராமிலா?" என்று பத்து நிமிடம் முழங்கினேன்.

ஸ்டெல்லா ஒரே வரிதான் சொன்னாள்: "ஃப்ளாப்பியப் படிக்க முடியலன்னா புரோகிராமே சொல்லும் சார், கேட்டுப் பாருங்க."

எவர் கேட்டார்? அன்று மாலையே அவளை ஸ்டோருக்கு மாற்றினார்கள். புரோகிராம் எழுதிய கை, இப்போது போல்ட் எடுத்துக் கொடுக்கிறது.

மதியச் சாப்பாட்டில் எதிரே அமர்ந்து, என் வாதங்களில் ஓட்டை கண்டுபிடிப்பவள் அவள். "நீ பேசறது கைதட்டத்தான் ஆவும், யோசிக்க ஆவாது" என்பாள். இந்த வாரம் எதிர்த்துப் பேச ஆளில்லை. எதிரே காலி நாற்காலி.

வியாழனன்று அச்சான சராசரி, புதன்கிழமைச் சராசரியேதான் — கடைசி இலக்கம் வரை! படிக்க முடியாதபோது என்ன சொல்கிறது என்று பார்க்க, ஃப்ளாப்பி இல்லாமல் அவள் புரோகிராமைத் தனியே ஓட்டினேன். வேலை முடிந்தால் பூஜ்யம், முடியாவிட்டால் ஒன்று: அது திருப்பும் பதில் அவ்வளவே. ஒன்று வந்தது. மறுபடி ஓட்டினேன். மறுபடியும் ஒன்று.

அது ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்லியிருக்கிறது. என் ஸ்கிரிப்ட்தான் அந்தப் பதிலைப் பாராமல், பழைய கோப்பையே அச்சிட்டிருக்கிறது. வியப்பென்ன? எழுதியவன் யார்? கேள்வியை வீசிவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருப்பவன். விடைக்கு என்றைக்குக் காத்திருந்தான்?

ஸ்டோருக்கு ஓடினேன்.

"வா பேச்சாளரே, மைக்கு வோணுமா?" என்றார் ஸ்டோர்கீப்பர் கன்னியப்பன்.

ஸ்டெல்லா நிமிரவில்லை. "இன்னா, போல்ட்டா? சீட்டு கொண்டாந்தியா?"

"தப்பு என் ஸ்கிரிப்ட்ல, ஸ்டெல்லா. உன்னோடது சரியாத்தான் சொல்லிச்சு."

"அத்த எங்காதுல வந்து சொல்லிக்கினு இருக்க? பத்து நிமிஷம் பேசனியே, அப்ப எத்தினி பேர் இருந்தாங்க?"

வரிசையின் பக்கம் திரும்பினேன்.

பிறகு கன்னியப்பனும், வரிசையில் நின்ற ஃபிட்டர்களும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்: "வர்ற திங்கக்கிழமை மீட்டிங்ல, அதே ஆளுங்க முன்னால, தப்பு என்னோடதுன்னு சொல்றேன். சொல்லிட்டு உக்காந்துடுவேன். அப்புறம் நீ பேசி முடிக்கிற வரைக்கும் வாயே திறக்க மாட்டேன்."